திதிக்குக் கட்டம் இல்லை

தம்பி,

மூன்று கிழமையாக நீ இந்த அப்பாவின் அழைப்பை எடுக்கவில்லை. எடுக்காமல் விடுவதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். என் கையெழுத்து உனக்கு எப்போதும் பகிடிதான், கோழி கிளறிய மாதிரி என்பாய். பொறுத்துக்கொண்டு வாசி. இன்று காலை, எங்கள் தொழிலுக்கு எடுத்த அந்த மென்பொருள்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சந்தா முடிந்துவிட்டதாம், கணக்கைப் பூட்டிவிட்டார்களாம், முப்பது நாளுக்குள் உரிமையாளர் வந்து புதுப்பிக்காவிட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் வாசித்தேன். உரிமையாளர் என்று உன் பெயர் போட்டிருந்தது. கனடாவில் உன் வங்கி அட்டையிலிருந்துதான் மாதாமாதம் அது போய்க்கொண்டிருந்தது. அட்டை காலாவதியானதா, நீயே நிறுத்தினாயா என்று எனக்குத் தெரியாது. நிறுத்தியிருந்தால் உன்னில் பிழை சொல்லமாட்டேன். நான் சொன்ன சொல்லுக்கு வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே நிறுத்தியிருப்பான்.

எங்கள் தொழிலைச் சனம் எப்படிச் சொல்லும் என்று உனக்குத் தெரியும். செத்தவர்களுக்குச் சோறு போடுகிற கடை என்பார்கள். பொய்யும் இல்லை. இடம்பெயர்ந்து போய்ப் புத்தூருக்குத் திரும்பி வந்த புதிதில், நோர்வேயில் இருந்த என் பள்ளித் தோழன் ஒருவன் தன் தகப்பனின் திவசத்தை இங்கே செய்துதர முடியுமா என்று கேட்டான். பூட்டிக் கிடந்த அவனுடைய வீட்டைத் திறந்து, கூட்டிக் கழுவி, ஐயரைக் கூப்பிட்டு, சமைத்துப் படைத்து, அயலில் பத்துப் பதினைந்து வயதானவர்களை இருத்திச் சாப்பாடு போட்டோம். அதைக் கேள்விப்பட்டு இன்னொருவர் கேட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் நூற்றிருபது குடும்பம். உடுப்பிட்டி, அரியாலை என்று எத்தனை வீட்டுச் சாவிகள் எங்கள் அலுமாரிக்குள் தொங்கின. பார்க்கிறவர்களுக்கு நான்தான் முதலாளி. சாமான் ஏற்றி வான் வண்டி ஓடுவது, மரக்கறி வாங்குவது, ஐயரோடு நேரம் ஒழுங்குபண்ணுவது எல்லாம் நான். சமையல் சரசக்கா. ஆனால் தொழில் நடந்தது உன் அம்மாவின் கொப்பியில்.

ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். மேலே இறந்தவரின் பெயர், அதன் கீழே தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி. ஆங்கிலத் திகதி எங்கேயும் இருக்காது. திகதி நிற்கிற இடத்தில் நிற்கும், திதி வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் நகரும், சில வருடம் அதற்கும் கூட. சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அம்மா குசினி மேசையில் இருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் போன வருடத்து நாளை அழித்துவிட்டு இந்த வருடத்து நாளைப் பென்சிலால் குறிப்பாள். பக்கத்தின் அடியில் தன் பாட்டுக்குச் சில வரிகள் எழுதியிருப்பாள். ‘வாழைப்பூ வறை இல்லாமல் சாப்பிடமாட்டாராம்.’ ‘பாயாசத்துக்குச் சீனி குறைய, சலரோகம் இருந்தது.’ ‘சுருட்டு ஒன்று வைக்கவும், மகளுக்குச் சொல்லவேண்டாம்.’ பத்து நாளுக்கு முன்னமே குடும்பத்துக்கு அழைப்பு எடுப்பாள். “பிள்ளை, வாற புதன் அப்பான்ரை திதி” என்று தொடங்கினால் அரை மணித்தியாலம் போகும். அந்தப் பக்கத்தில் அழுவார்கள், இந்தப் பக்கத்தில் இவளும் அழுவாள். நான் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிச் சினப்பேன். அவள் கையைக் காட்டி என்னைப் போகச் சொல்வாள்.

அம்மா போன பிறகு கொப்பி என் கைக்கு வந்தது. நான் கதைத்தால் ஒருவரும் அழமாட்டார்கள். சீமெந்து விற்கிறவன் கதைப்பதைப் போலத்தான் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு திதியைத் தவறவும் விட்டேன். அப்போது நீ யாழ்ப்பாணத்தில் கணினி வேலையில் இருந்தாய். ஒரு பின்னேரம் மடிக்கணினியோடு வந்து, சின்னத் தொழில்களுக்கென்றே இணையத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது, மாதச் சந்தா கட்டினால் போதும், வாடிக்கையாளர் விபரம், முற்பதிவு, நினைவூட்டல் எல்லாவற்றையும் அதுவே பார்க்கும் என்றாய். அந்த மாசி முழுக்க வேலை முடிந்து புத்தூருக்கு வந்து, அம்மா இருந்த அதே கதிரையில் இருந்து தட்டினாய். நான் கொப்பியை வாசிப்பேன், நீ அடிப்பாய். அம்மாவின் வரிகளில் ஒன்றையும் விடாமல் ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்குள் போட்டாய். சுருட்டு வரி வந்தபோது இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் பக்கத்தைப் புரட்டினேன்.

முதல் பிழை அங்கேதான் நடந்தது. செய்தவன் நான். முதலாவது ஆளுக்கே நீ திகதி என்ன என்று கேட்டாய், நான் திதியைச் சொன்னேன். திதிக்கு அதில் கட்டம் இல்லை. திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. நீ தலையைச் சொறிந்துவிட்டு, “இந்த வருசத்து நாளைப் போடுவம் அப்பா, சித்திரைக்குச் சித்திரை மாத்திக்கொள்ளலாம், திதியைக் குறிப்புக்குள்ளை போடுறன்” என்றாய். கீழே ‘ஒவ்வொரு வருடமும்’ என்று ஒரு சின்னப் பெட்டி. அதிலும் சரி போட்டாய். இது சரிவராது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. நூற்றிருபது பேருக்கு வருடாவருடம் அலுக்காமல் நாள் மாற்றியது அம்மா. நீயோ நானோ அம்மா இல்லை. எங்கள் வேலைக்கு இது ஒத்துவராது தம்பி என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் என்னோடு இன்னொரு ஆள் தொடர்ச்சியாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். உன்னைப் பக்கத்தில் இருத்தி வைத்திருப்பதற்காக நான் ஊரவரின் தாய் தகப்பனைக் கைவிட்டேன். இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது.

தொழில் நன்றாகவும் ஓடியது, அதை மறைக்கக்கூடாது. இரண்டு சித்திரைக்கு நாங்கள் பஞ்சாங்கத்தோடு இருந்து நாட்களை மாற்றினோம். பத்து நாளுக்கு முன் குடும்பத்துக்குச் செய்தி தானாகப் போகும், எனக்கு நான்கு நாளுக்கு முன் போனில் மணியடிக்கும், சரசக்காவுக்குச் சமையல் பட்டியல் வரும். செய்தியை எப்படி எழுதுவது என்று நீ கேட்டபோது, அம்மா சொல்வதைப் போலவே போடு என்று நான்தான் சொன்னேன். ‘பிள்ளை, வாற புதன் அப்பான்ரை திதி.’ கிழமையும் உறவும் மட்டும் ஆளுக்காள் மாறும். அம்மா இறந்ததை அறியாத சிலர் ‘அக்கா, உங்கடை குரல் கேட்ட மாதிரி இருக்கு’ என்று பதில் போட்டார்கள். அவர்களுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் ஆர்டர் போய்விடும் என்ற எண்ணமும் இருந்தது. அந்த இரண்டு சித்திரைக்குப் பிறகு நான் பஞ்சாங்கம் வாங்குவதை விட்டேன். கொப்பியைக் களஞ்சிய அறையில் பழைய சாக்குகளோடு போட்டேன். மாரியில் கறையான் ஏறி அரித்ததைப் பார்த்தும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எல்லாம்தான் மடிக்கணினிக்குள் இருக்கிறதே என்றிருந்தேன்.

போன ஆவணியில் உன் கலியாணம். இந்த மாசியில் கனடாவுக்குப் போனாய். சித்திரை வந்தது. நீ அங்கிருந்து நாட்களை மாற்றியிருப்பாய் என்று நான் இருந்தேன். நான் இங்கே மாற்றியிருப்பேன் என்று நீ இருந்தாய். கிழமைக்கு இரண்டு தரம் கதைத்தோம். குளிர் எப்படி, சாப்பிட்டாயா, மருமகள் சுகமா என்று எல்லாம் கேட்டோம், இதை மட்டும் கேட்கவில்லை. மென்பொருள் தனக்குச் சொல்லிவைத்தபடி போன வருடத்து நாட்களுக்கே மணியடித்தது. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அறுபத்தாறு வீடு. அறுபத்தாறு வீட்டிலும் பிழையான நாளில் இலை போட்டோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்களை நம்பித்தானே விட்டிருக்கிறார்கள், அவர்கள் எங்கே பஞ்சாங்கம் பார்க்கப் போகிறார்கள். பழைய ஐயர் இருந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டிருப்பார். அவர் படுக்கையில் விழுந்த பிறகு வந்தவர்கள் அடுத்த வீட்டு அவசரத்தில் வந்து போனார்கள்.

உடுப்பிட்டியில் பவானி வீட்டில்தான் அகப்பட்டேன். லண்டன் பவானியை உனக்குத் தெரியும், அம்மாவோடு மணிக்கணக்கில் கதைப்பாளே, அவள். அவளுடைய தாயின் திவசம். போனைச் சுவரில் சாய்த்துவைத்து அவளைக் காணொளியில் எடுத்திருந்தேன். அங்கே விடியக் காலை. வேலைக்கு லீவு போட்டு, குளித்து, ஈரத் தலையோடு கும்பிட்டபடி இருந்தாள். படையலை இலையில் வைத்து முடித்திருந்தோம். புதிதாக வந்த இளம் ஐயர் தர்ப்பையை முறுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். “இண்டைக்குத் தேய்பிறை அட்டமி. அம்மாவின்ரை திதி அட்டமிதானே?”

பவானியின் தாய் வளர்பிறைத் துவாதசி. அதற்கு நான் எதையும் திறந்து பார்க்கத் தேவையில்லை, உன் அம்மா அந்தப் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்வாள். துவாதசி போய்ப் பதினொரு நாள் ஆகிவிட்டது. சரசக்கா அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். திரையில் பவானி கண்ணை மூடியிருந்தாள். நான் “ஓம்” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், அயல்வீட்டில் பஞ்சாங்கம் இரவல் வாங்கிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போகும்போது போன் மணியடித்தது. ‘நினைவூட்டல்: அம்மா. இன்னும் நான்கு நாள்.’ நீ அவளையும் அதில் சேர்த்திருந்தாய். அம்மாவின் திதி ஐப்பசித் தேய்பிறைப் பிரதமை, முழுநிலவுப் பறுவத்துக்கு மறுநாள். அதற்குப் பஞ்சாங்கமே தேவையில்லை தம்பி, முதல்நாள் முற்றத்தில் நின்று நிலவைப் பார்த்தால் போதும். அது ஏழு நாளுக்கு முன்னமே வந்து போய்விட்டது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பது கொடியில் கிடந்த சட்டைப் பையில் இருந்தது. முதல்நாள் பறுவம் என்று சைவம் சாப்பிட்டேன். விடிந்ததும் நாக்கு மீனைக் கேட்டது. சுவர்க் கலண்டரில் பறுவத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பழப்புளி, பச்சை மிளகாய், விளைமீன் என்று எழுதிப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். கிழித்தபோது கீழே பிரதமை என்ற தாள் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அம்மாவின் திதியன்று மீன் குழம்பு வைத்து, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லி, இரண்டாம் முறையும் சோறு போட்டுத் தின்றேன்.

அந்த ஆத்திரத்தில்தான் அன்று பின்னேரம் உனக்கு எடுத்தேன். நீ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாய். நான் கத்தினேன். “சித்திரையிலை மாத்தவேணுமெண்டு சொன்னனான்தானே அப்பா” என்று நீ மெதுவாகச் சொன்னாய். அது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்குத் தாங்கவில்லை. “கொம்மாவுக்குக் கொள்ளி வைச்ச கையாலை அவளின்ரை நாளையும் எரிச்சுப்போட்டாய்” என்றேன். நீ அழைப்பைத் துண்டித்தாய். அந்தச் சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை என்று உனக்குத் தெரியட்டும் என்பதற்காக எழுதுகிறேன். தவறவிட்ட திதியை அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். நீ இல்லாததால் நானே இருந்து செய்தேன். மனம் ஆறவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக எடுத்து உண்மையைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். முதலில் பவானி. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் ஒன்றுதான் கேட்டாள். “அப்ப அண்ணை, அம்மா வந்த அண்டைக்கு வீடு பூட்டிக் கிடந்ததோ?” பூட்டித்தான் கிடந்தது. சாவி எங்கள் அலுமாரிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து, சாவியைத் தன் ஒன்றுவிட்ட தமையனிடம் கொடுத்துவிடும்படி மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினாள். மற்றவர்களில் சிலர் ஏசினார்கள். ஒருவர், எந்த நாளில் செய்தால் என்ன அண்ணை, செய்ததுதானே பெரிது என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் எனக்குக் கூட வலித்தது. சாவிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. சரசக்கா ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தொழில் முடிந்துவிட்டது. என்னைத் தேற்றுவதற்கு ஒன்றும் எழுதாதே.

நீயும் அங்கே சொந்தமாக ஏதோ தொடங்கப்போகிறாய் என்று மருமகள் முன்பு சொன்னாள். தொடங்கினால் நீயும் இப்படி ஒன்றைச் சந்தாவுக்கு எடுப்பாய். எடு, அதில் குற்றமில்லை. வாடகை வீட்டில் ஆர்தான் இருக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டுச் சுவருக்குள் காணி உறுதிப் பத்திரத்தை வைத்துப் பூசிவிட்டு ஒருவரும் நிம்மதியாகப் படுப்பதில்லை. நாங்கள் படுத்தோம். அது கேட்கிற கட்டங்களை நிரப்பிக்கொண்டு வரும்போது, உன் தொழிலில் அது கேட்காதது எது என்பதை முதலில் ஒரு கொப்பியில் எழுதி வை. எங்களிடம் அது கேட்காதது ஒன்றே ஒன்றுதான். தொழில் முழுக்க அந்த ஒன்றில்தான் இருந்தது.

பூட்டுவதற்கு முன் நான் பட்டியலைப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தேன். வலது கண்ணில் வெண்புரை, ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் முடியவில்லை. முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறது. மிச்சப் பேரின் திதியும், அவர்களைப் பற்றி அம்மா எழுதிய வரிகளும் உன் பெயரில் பூட்டிய இடத்துக்குள் இருக்கின்றன. குடும்பங்களிடம் கேட்டால், அக்காவுக்குத்தானே தெரியும் என்கிறார்கள். தங்கள் தாய் தகப்பனின் திதியை அவளிடம் கொடுத்துவிட்டு மறந்துபோய்விட்டார்கள். அவள் என்னிடம் கொடுத்தாள், நான் மாதச் சந்தாவுக்குக் கொடுத்தேன். முப்பது நாளில் ஒரு நாள் இன்றோடு முடிகிறது. நீ ஒரு தரம் உள்ளே போய் எல்லாவற்றையும் இறக்கி எனக்கு அனுப்பிவிட்டால், அந்தந்தக் குடும்பத்துக்கு அவரவர் பக்கத்தைக் கொடுத்துவிட்டு நான் கதவைச் சாத்துவேன்.

உள்ளே போனால் அம்மாவின் பக்கத்தையும் பார். இந்த இரண்டரை வருடத்தில் நான் அதை முதல் தரம் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். திகதி போட்டிருக்கிறாய், திதி போட்டிருக்கிறாய். குறிப்புக் கட்டத்துக்குள், ‘விருப்பமான சாப்பாடு: தெரியாது, அப்பாவிடம் கேட்கவேண்டும்’ என்று அடித்திருக்கிறாய். பக்கத்தில் இருந்துகொண்டு நீ அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று மூன்று கிழமையாக யோசிக்கிறேன். முப்பத்தைந்து வருடம் ஒரே குசினி. நூற்றிருபது பேருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வாழைக்காய்ப் பொரியல், உனக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல். அவளுடைய இரண்டு திவசத்துக்கும் நாங்கள் அவை இரண்டையும்தான் படைத்தோம், உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் எல்லாரும் எழும்பிய பிறகு, சட்டியில் என்ன மிஞ்சியதோ அதைப் போட்டு நின்றபடியே சாப்பிடுவாள்.

என்னிடம் கேட்கவேண்டும் என்று எழுதினாய். நான் இப்போது உன்னிடம் கேட்கிறேன். சின்ன வயதில் அவளுடைய காலுக்குள்ளேயே குசினியில் கிடந்தவன் நீ. அவள் எதையாவது ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை ஒரு நாளாவது கண்டாயா? கண்டிருந்தால் எனக்கு எழுது. காணவில்லை என்றால், காணவில்லை என்றாவது எழுது.

அப்பா